ஜன்னலுக்கு வெளியே நூறு சாட்சிகள்

முதல் கல் கூரைத் தகரத்தில் விழுந்து கடகடவென்று உருண்டபோது துப்பறிவாளர் ருக்மிணி டீயில் பாவ் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். பாவ் பாதியாக முறிந்து கிளாசுக்குள் விழுந்தது.

"மழை ஆரம்பம், அக்கா. இந்த வருஷம் ஜூனுக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்றான் ஜெரோஷ்.

ருக்மிணியின் உதவியாளன் அவன். மராத்தி ஊரான கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன் என்று ஊரில் சொன்னாலும் பையனுக்கு முப்பது தாண்டிவிட்டது. இந்தியில் சண்டை போடுவான், மராத்தியில் சமாதானம் பேசுவான், தமிழில் ஜோக் மட்டும் அடிப்பான். தமிழில் தப்பு வந்தால் அதுவும் ஜோக்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

"ஜன்னல் பக்கம் யாரும் போகாதீங்க" என்று கிசுகிசுத்தார் வால்டர். "திரையில நெழல் ஆடுனாக்கூட கத்துதானுவோ."

போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது வால்டரின் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே தகரம். கண்டோன்மென்ட் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. காலையில் ருக்மிணிக்குப் போன் போட்டு வரவழைத்தவர் அவர்தான். வரும்போது பின்பக்கச் சந்து திறந்திருந்தது. மத்தியானத்துக்குள் கூட்டம் அதையும் அடைத்துவிட்டது. வடைக்கு ஆசைப்பட்டுப் பொறிக்குள் வந்த எலியின் கதி. இந்தப் பொறியில் வடைகூட இல்லை, நேற்று வாங்கிய பாவ்தான் இருந்தது.

மே மாத வெயில். கரண்ட் வேறு போயிருந்தது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய வீட்டுக்குள் ஐந்து பேரின் மூச்சே அனலாக அடித்தது. வெளியே, சந்து கொள்ளாமல் கூட்டம்.

ரவுடிக் கூட்டமாக இருந்தால் ருக்மிணி கவலைப்பட்டிருக்க மாட்டாள். அது அழுகிற கூட்டம். ஆகுர்டி மோட்டார் கம்பெனித் தொழிலாளர்கள், தளேகாவிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்த குடும்பங்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். பகல் முழுக்க இந்தியும் மராத்தியும் பேசிக் களைத்து வீடு திரும்புகிறவர்களுக்கு, ராத்திரி கேபிள் டிவியில் வந்து "சாப்டீங்களா?" என்று தமிழில் கேட்ட ஒரே மனிதர் 'பூவரசு இல்லம்' சீரியலின் சாரதி அண்ணன்தான். சாரதியாக நடித்த பத்ரிநாத் நேற்று, ஞாயிற்றுக்கிழமை, இதே போபோடியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், தமிழ் மன்ற விழாவுக்கு வந்த இடத்தில், மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் இறந்துபோனார்.

அந்த சீரியலில் சாரதிக்குப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலந்து கொடுக்கும் மந்தாகினியும் அதே விழாவுக்கு வந்திருந்தாள். இறப்பதற்கு முன்பு அவருக்குக் கடைசியாகக் காபி ஊற்றிக் கொடுத்ததும் அவள்தான்.

மந்தாகினியாக நடிக்கும் அகல்யா இப்போது வால்டர் வீட்டு உள்ளறையில், ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. காலையிலிருந்து வந்த போன்களெல்லாம் திட்டுவதற்கு வந்தவை. அதனால் வால்டர் எடுக்கத் தயங்கினார். ருக்மிணி எடுத்தாள். இன்ஸ்பெக்டர்.

"டாக்டர் சொல்லிட்டார் மேடம். ஹார்ட் அட்டாக். விஷம் கிஷம் ஒண்ணும் இல்ல" என்றார் இந்தியில். "கூட்டத்துக்கும் சொல்லிட்டோம். நம்ப மாட்டேங்கறாங்க. வேன் வர சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் கதவைத் திறக்காதீங்க."

"ஏன் நம்ப மாட்டேங்கறாங்களாம்?"

"டாக்டரை அந்தப் பொம்பளை விலைக்கு வாங்கிட்டாளாம்."

போனை வைத்ததும் சமையலறை வாசலிலிருந்து வால்டரின் மனைவி ஈனிட் மெல்லச் சொன்னாள். "சீரியல்லயும் அப்படித்தான். போன மாசம் டாக்டருக்குத் தங்கச் சங்கிலி குடுத்தா மந்தாகினி. மஞ்சப் பட்டு கட்டியிருந்தா அன்னைக்கு."

ஈனிட் டீச்சர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறவள். விழாவில் மேடைக்குப் பின்பக்கப் பொறுப்பு அவளுடையது. நேற்று கூட்டம் அகல்யாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்தபோது நடுவில் புகுந்து, அணைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான். அதில் அவளுடைய கண்ணாடி உடைந்துபோயிருந்தது.

ருக்மிணி உள்ளறைக்குப் போனாள். "என்ன நடந்துச்சுங்க அகல்யா? சுருக்கமா சொல்லுங்க."

"காலைலேர்ந்தே சோர்வா இருந்தார். வீடு வீடா கூட்டிட்டுப் போய்ச் சாப்பிட வெச்சாங்க, மாட்டேன்னு சொல்லத் தெரியாது அவருக்கு. ஃபிளாஸ்க்ல இருந்து காபி ஊத்திக் குடுத்தேன். அதே காபிய நானும் குடிச்சேன். மைக்ல என் பேரைக் கூப்பிட்டாங்க, மேடைக்குப் போயிட்டேன். அவ்வளவுதான். திரும்பி வரும்போது..." அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "மூணு வருஷமா தினமும் அவருக்கு விஷம் வெக்கறேன் மேடம். ஷாட் முடிஞ்சதும் என் குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சான்னு கேப்பார். அவருக்காக அழக்கூட முடியல. அழுதா நடிக்கறேங்கறாங்க."

வெளியே ஒரு குரல் எழும்பியது. "சாரதி அண்ணே!" கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. ரசிகர் மன்றத் தலைவர் வாசுதேவனின் குரல். ஆகுர்டித் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். ராத்திரியெல்லாம் அழுது தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை.

"அக்கா, நம்ம ஸ்கூட்டருக்கு மாலை போட்டுட்டாங்க" என்றான் திரையை விரல் அகலம் விலக்கிப் பார்த்த ஜெரோஷ். "சாரதி அண்ணன் போட்டோவ அதுமேலதான் வெச்சிருக்காங்க. ஊதுபத்தி சீட்ல குத்தியிருக்காங்க."

ருக்மிணி அதைக் கேட்கவில்லை. அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சுவலி வந்த மனுஷன், ஆள் நிறைந்த மண்டபத்தில், ஏன் ஒருத்தரையும் கூப்பிடவில்லை? டாக்டரின் சொல் கூட்டத்தைக் கலைக்காது. இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஒருவேளை கலையலாம்.

"ஜன்னலைத் திற" என்றாள்.

"அக்கா!"

"கம்பி இருக்குதில்ல? கல்லு போடறவங்க எல்லாம் சாட்சி சொல்ல ஆசைப்படறவங்கதான். வரிசையில வரச் சொல்லு."

ஜெரோஷ் நாற்காலியில் ஏறி, ஜன்னலைத் திறந்து கத்தினான். "நேத்து கண்ணால பார்த்தவங்க மட்டும் லைன்ல வாங்க! ரேஷன் கடை மாதிரி! தள்ளுனா கவுன்டர் பந்த்!"

கத்திக்கொண்டிருந்த கூட்டம் ஆச்சரியமாக வரிசையானது. கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று அத்தனை பேரும் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ருக்மிணி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் 'பூவரசு இல்லம்' ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அதனால் ஈனிட்டைத் திரைக்குப் பின்னால் தன் தோளோரமாக உட்காரவைத்துக்கொண்டாள்.

முதலில் வந்த அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தாள். "நான் பார்த்தேன்மா. வெள்ளி டம்ளர்ல பாலை ஊத்தி, மோதிரத்தைத் திறந்து பொடியைக் கொட்டினா."

"தீபாவளிக்கு மொத வாரம் வந்தது" என்று ஈனிட் காதில் முணுமுணுத்தாள். "ஊதாப் புடவை. மண்டபத்துல இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் கப்புதான்."

அடுத்து ஒரு பெரியவர். "அவரு படிக்கட்டுல தடுக்கி விழுந்தாரு. இவ மேல நின்னு சிரிச்சா."

"பொங்கல் ஸ்பெஷல். ரத்தச் செவப்புல ஜரிகை. நம்ம மண்டபத்துக்கு மாடி ஏது?"

இன்னொருவன், தளேகாவ்க்காரன். "சாகும்போது 'மந்தாகினி, உன்னை மன்னிச்சிட்டேன்'னாரு. என் காதால கேட்டேன்."

"கனவுல வந்தது அது. வெள்ளப் புடவை."

வரிசை நகர்ந்தது. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொருத்தரும் சத்தியமாகப் பார்த்ததைத்தான் சொன்னார்கள். நேற்றுப் பார்க்கவில்லை, டிவியில் பார்த்திருந்தார்கள். ஈனிட் சல்லடை மாதிரி சலித்துக்கொண்டே வந்தாள். சலிக்கச் சலிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சர்ச்சில் பாடுகிற ஃபேபியோலா. அவள் தமிழ் தட்டுத் தடுமாறி வந்தது.

"ஆன்ட்டி, நான் ஆட்டோகிராஃபுக்கு நின்னேன். காரிடார் திரும்பற இடத்துல பெஞ்சு போட்டு வெச்சிருந்தாங்க, அதுக்கு மேல விடல. ரூம் தெரியாது, சத்தம் மட்டும் வரும். அவரு உள்ள இருந்து கதவு தட்டினாரு. 'கதவைத் திறங்க, யாராவது கதவைத் திறங்க'ன்னு டயலாக் சொன்னாரு."

திரை ஒரு முறை அசைந்தது.

"சீரியல்ல உள்ளதுதான்" என்றாள் ஈனிட். "குடோன்ல போட்டுப் பூட்டுவா."

"சரி கண்ணு, அடுத்த ஆள்" என்றாள் ருக்மிணி.

அடுத்த ஆள், பத்ரிநாத்தின் ஆவியை ரயில்வே கேட்டில் பார்த்ததாகச் சொன்னார். அது சீரியலில் இன்னும் வரவில்லை. ஜெரோஷ் ஜன்னலைச் சாத்தினான். மறுபடி இருட்டு, மறுபடி புழுக்கம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கல்.

இந்தத் தடவை விழுந்தது பெரிய கல். தகரம் ஓர் ஓரத்தில் பெயர்ந்து, வெயில் கத்தி மாதிரி தரையில் விழுந்தது. உள்ளறையில் அகல்யா வாயைப் பொத்திக்கொண்டாள். முன்கதவில் யாரோ தோளால் இடிக்க, வால்டர் ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேஜையை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

"கேஸ் சால்வ்ட், அக்கா" என்றான் ஜெரோஷ், மேஜையின் மறுமுனையைத் தாங்கியபடி. "கொலைகாரன் சீரியல் டைரக்டர். இவங்க சொன்னது எல்லாம் அவன் செஞ்சது."

"ஒண்ணுகூடத் தேறலையே ஜெரோஷ்."

"ஈனிட் ஆன்ட்டி இருக்கும்போது எப்படித் தேறும்? புடவைக் கலர் வரைக்கும் பைஹார்ட். எனக்கு நான் நேத்துப் போட்ட சட்டைக் கலரே..."

அவன் பேச்சை நிறுத்தினான். ருக்மிணி அவன் கையைப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணுக்கு மட்டும் சொல்லல."

"என்ன சொல்லல?"

"புடவை."

அவள் நேராக உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திவிட்டு, அகல்யாவின் பக்கத்தில் டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்தாள். "ஒரு சின்ன விஷயங்க. சாரதியை குடோன்ல வெச்சுப் பூட்டுவீங்களே, அன்னைக்கு நீங்க என்ன புடவை?"

அகல்யா விழித்தாள். "குடோனா? அப்படி ஒரு சீனே எடுக்கலையே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கதவைப் பூட்டி, அவரு உள்ள இருந்து தட்டற மாதிரி?"

"சான்ஸே இல்ல மேடம்." நேற்றிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "எங்க செட்ல கதவுன்னு ஒண்ணு கிடையாது. நிலையை நட்டு, திரை மாட்டியிருப்பாங்க. அதைத் தட்டினா சுவரே சேர்ந்து விழுந்துடும். தட்டற சீன் எழுதினா ஆர்ட் டைரக்டர் அடிக்க வருவார்."

ருக்மிணி பெட்டியிலிருந்து எழுந்தாள். அகல்யா இந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது கூட்டத்தால் மட்டும் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை அவள் விரும்பவில்லை.

சமையலறையில் ஈனிட் மிச்சமிருந்த பாலை ஐந்து பேருக்கும் டீக்கு வருமா என்று பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அந்த ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குதுங்களா?"

"ஒடைஞ்சு போச்சு." பதில் சொன்ன பிறகுதான் ஈனிட் நிமிர்ந்தாள். ருக்மிணியின் முகத்தைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வெளிப்பக்கம்?"

ஈனிட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வால்டர் வாசலில் வந்து நின்றதையும், அவர் பின்னால் ஜெரோஷும் அகல்யாவும் நின்றதையும் அவள் பார்த்த மாதிரி தெரியவில்லை.

"அவுகதான் கேட்டாவ" என்றாள். "'டீச்சர், கொஞ்சம் கண்ண மூடிக்கிடுதேன், யாரையும் விட்டுராதீங்க'ன்னாவ. நிமிஷத்துக்கு ஒருத்தன் கதவைத் தள்ளிக்கிட்டு வந்து போட்டோ எடுத்துக்கிட்டிருந்தான். உள்ள தாழ்ப்பா இல்ல. அதான் வெளிய போட்டேன். அங்கயேதான் நிக்கணும்னு நெனச்சேன். மைக்ல என்னையக் கூப்பிட்டுட்டாவ, இந்தப் புள்ளைக்குப் பூச்செண்டு குடுக்க. போனேன். அப்புறம் போட்டோ. அப்புறம் மூணு பிள்ளைய டான்சுக்கு உடுத்தி விட்டேன். திரும்பி வந்தா சத்தமே இல்ல. நல்லாத் தூங்குதாவன்னு சந்தோஷமாத் தாழ்ப்பாள எடுத்தேன். கதவு தொறக்க மாட்டேங்கு. அவுக அதுமேல சாஞ்சு கெடந்தாவ. பின்னாலயே வாசுதேவன் வந்து தள்ளினாரு. தாழ்ப்பாளப் பத்தி யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"ஈனிட்..." என்றார் வால்டர்.

"கதவுகிட்ட கெடந்தாவன்னு தெரியும். ஆனாலும் எந்திரிச்சு வரும்போது விழுந்திருப்பாவன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கூப்பிட்டாவன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு வந்து ஜன்னல்ல சொல்லுத வரைக்கும் தெரியாது." அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "நான் கேக்காத சத்தம் இப்பக் கேட்டுக்கிட்டே இருக்கு."

முன்கதவு மறுபடி அதிர்ந்தது. மேஜைக் கால் தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது.

"அதுக்காகத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா ஆன்ட்டி?" என்றாள் அகல்யா.

ஈனிட் தலையை மட்டும் ஆட்டினாள். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று ருக்மிணிக்குப் பிடிபடவில்லை.

"போலீஸ் வேன் வரட்டுங்க" என்றாள் ருக்மிணி. "ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர்கிட்ட நானே கூட இருந்து சொல்ல வெக்கறேன். இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி வேண்டாம்."

"கொன்னுருவானுவோ உன்ன" என்றார் வால்டர்.

"வேன் வார வரைக்கும் அந்தக் கதவு தாங்காது" என்று வால்டரைப் பார்த்தபடி ஈனிட் எழுந்தாள். "இன்னொருத்தர உள்ள வெச்சு என்னால பூட்ட முடியாது, இவுகளே. மேசைய எடுங்க."

ஜெரோஷ் ருக்மிணியைப் பார்த்தான். ருக்மிணி கொஞ்சம் தயங்கி, தலையசைத்தாள். இருவரும் மேஜையை இழுத்தார்கள். முன்கதவு திறந்ததும் வெளிச்சத்தில் கண் கூசியது. கதவை இடித்துக்கொண்டிருந்தவர்கள் தடுமாறிப் பின்வாங்கினார்கள். மந்தாகினியை எதிர்பார்த்து உயர்ந்த கைகள், தங்கள் பிள்ளைகளின் டீச்சரைப் பார்த்ததும் தாழ்ந்தன.

"டீச்சர், தள்ளுங்க. எங்களுக்கு அவ வேணும்" என்றார் வாசுதேவன்.

"காபியில ஒண்ணுமில்ல" என்றாள் ஈனிட். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சு வரைக்கும் எட்டுகிற குரல் அவளுடையது. இப்போது முன்வரிசைக்கே எட்டவில்லை. ஆனால் சந்து அவ்வளவு அமைதியாகிவிட்டிருந்தது. "அவுக நெஞ்சு வலிச்சு கதவைத் தட்டியிருக்காவ. தொறக்க முடியல. வெளிய தாழ்ப்பாப் போட்டது நான்தான். தூங்கட்டும்னு போட்டேன்."

ஒரு பெருமூச்சு கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனது. ஒருவன் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கையில் கல் இருந்தது. ருக்மிணி ஈனிட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். வலப்பக்கம் அகல்யா வந்து நின்றதை அப்புறம்தான் கவனித்தாள்.

"அங்கிள்!"

ஃபேபியோலாதான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து வாசுதேவனின் சட்டைக் கையைப் பிடித்தாள். அழுகையில் தமிழ் இன்னும் குழறியது.

"நம்ம எல்லாரும் அங்கதான இருந்தோம்? பெஞ்சுக்கிட்ட? அவரு தட்டினாரு. 'கதவைத் திறங்க'ன்னாரு. நம்ம... நம்ம கை தட்டினோம், அங்கிள்."

வெள்ளி டம்ளரைப் பார்த்ததாகச் சொன்ன அம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கல் வைத்திருந்தவன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பின்வரிசையில் ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. அப்புறம் இன்னொரு குடும்பம். யாரும் யார் முகத்தையும் பார்க்காமல், ஸ்டேஷன் இருந்த திசையில், ஒருவர் பின் ஒருவராக.

இன்ஸ்பெக்டரின் வேன் வந்தபோது கலைக்கக் கூட்டம் இல்லை. அகல்யா கிளம்பலாம் என்றார்கள். ஈனிட் வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வரவேண்டும், வால்டரும் கூட வரலாம் என்றார்கள். வால்டர் செருப்பைத் தேடி உள்ளே போனார். ஈனிட் வாசல்படியில் உட்கார்ந்தாள்.

வாசுதேவன் மட்டும் போகவில்லை. மெல்ல வந்தார். ஈனிட் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் படியில் உட்கார்ந்தார். கட்டிப்போன தொண்டையிலிருந்து காற்றாகத்தான் வந்தது குரல்.

"நான் 'ஒன்ஸ் மோர்'னு கத்தினேன், டீச்சர்" என்றார். "அவர் மறுபடியும் சொன்னார். மொதத் தடவையவிட நல்லா இருக்குன்னு நெனச்சேன்."